என்ரை மனுசிக்குச் சொல்லக்கூடாது

சுவர்ணா: சிரிக்கக்கூடாது. இது ஒத்திகை, நீங்கள் இப்ப என்ரை புருசன் இல்லை. மனப்பிரச்சினையோடை என்னட்டை வந்த ஆள். வெளியிலை போய்த் திரும்ப வாங்கோ.

ரதீசன்: எத்தினை தரம்தான் இந்தக் கதவைத் திறக்கிறது...

சுவர்ணா: வணக்கம். இருங்கோ. இண்டைக்கு எதைப் பற்றிக் கதைக்க விருப்பம்?

ரதீசன்: முதல் ஒரு தேத்தண்ணி...

சுவர்ணா: இஞ்சேருங்கோ!

ரதீசன்: சரி சரி. வெள்ளிக்கிழமை வைவா எண்ட வாய்ச் சோதனையிலை ரெண்டு பேர் இருந்து குடைவினம், அதுக்குத்தான் உம்மைச் சிரிக்க வைக்கிறன். போனமுறை பயத்திலைதானே வாயடைச்சுப்போனீர்.

சுவர்ணா: போனமுறை நீங்கள் லண்டன் முழுக்கச் சொல்லிவிட்டனீங்கள். வெஸ்ட் ஈலிங் அம்மனுக்கு அபிஷேகம் வேறை. பெயில் எண்டதும் செத்தவீடு மாதிரிப் போன் மேலை போன்.

ரதீசன்: பக்கத்து வீட்டு றூபினி அக்கா சாப்பாடும் கொண்டு வந்தவ.

சுவர்ணா: ஓம், மரக்கறிச் சாப்பாடு. செத்தவீட்டுக்குக் கொண்டுவாற அதே மாதிரி.

ரதீசன்: கத்தரிக்காய்ப் பால்கறி நல்லா இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

சுவர்ணா: கதையை மாத்தாதேங்கோ. எதைப் பற்றிக் கதைப்பம்?

ரதீசன்: அதுக்கு முதல்... நான் இஞ்சை சொல்லுறது வெளியிலை போகுமோ?

சுவர்ணா: போகாது. ஆற்றையும் உயிருக்கு ஆபத்து எண்டால் மட்டும்தான் நான் வெளியிலை சொல்லுவன்.

ரதீசன்: என்ரை மனுசிக்கு?

சுவர்ணா: அவவுக்கும் சொல்லமாட்டன்.

ரதீசன்: சத்தியமா?

சுவர்ணா: இது தொழில் விதி. சத்தியம் தேவையில்லை.

ரதீசன்: அப்ப... நான் மனுசிக்குத் தெரியாமல் ஒரு வேலை பாத்துப்போட்டன்.

சுவர்ணா: என்ன வேலை?

ரதீசன்: குரல் மாறுது. மனுசியின்ரை குரல் மாதிரிக் கிடக்கு.

சுவர்ணா: ...மன்னிக்கோணும். ஆறுதலாச் சொல்லுங்கோ.

ரதீசன்: ஃபாரஸ்ட் கேட் ஏரியாவிலை என்ரை பலசரக்குக் கடைக்கு மேலை ஒரு அறை. அரிசி மூட்டையளை இறக்கி, மஞ்சள் பெயின்ற் அடிச்சு, ரெண்டு கதிரையும் போட்டுட்டன். பகலிலை வேலை, இரவிலை படிப்பு எண்டு மனுசி ஓடினவ. பயிற்சிக்கும் மற்றாக்களின்ரை அறையிலை ஒரு மூலையிலை இருந்துதான் ஆக்களைப் பாத்தவ. அவவுக்கெண்டு ஒரு கதவு இருக்கோணும் எண்டு எனக்கு ஆசை.

சுவர்ணா: ...

ரதீசன்: ஏன் பேசாமல் இருக்கிறீர்?

சுவர்ணா: வந்த ஆள் கதைக்கேக்கை குறுக்கிடக்கூடாது.

ரதீசன்: கண் கலங்கலாமோ?

சுவர்ணா: கொஞ்சம் கலங்கலாம். நீங்கள் சொல்லுங்கோ.

ரதீசன்: அதோடை விட்டிருக்கலாம். ஜன்னலிலை ஒரு பலகையும் போட்டுட்டன். 'சுவர்ணா ரதீசன், கவுன்சலிங் சைக்கோலஜிஸ்ட்'. தமிழிலையும் இங்கிலீசிலையும்.

சுவர்ணா: ஐயோ... எப்ப?

ரதீசன்: போன ஞாயிறு.

சுவர்ணா: இந்தத் தொழிலுக்கான ரெஜிஸ்டரிலை பேர் ஏறாமல் அந்தப் பட்டத்தைப் போடுறது இந்த நாட்டிலை குற்றம் எண்டு உங்களுக்கு எத்தினை தரம் சொன்னனான்?

ரதீசன்: இஞ்சை ஆரும் தீர்ப்புச் சொல்லமாட்டினம் எண்டுதானே வந்தனான், டொக்டர்.

சுவர்ணா: ஆரும் பாத்தவையோ?

ரதீசன்: கடைக்கு வாற செபமாலைமுத்து அண்ணை பாத்தவர். தங்கச்சி பிரஷரும் அளப்பாவோ எண்டு கேட்டவர்.

சுவர்ணா: சிரிப்புக் காட்டாதேங்கோ...

ரதீசன்: நீர்தான் சிரிக்கிறீர். எனக்கு உள்ளுக்குப் பயம், சுவர்ணா. உம்மைப் பற்றி ஊருக்குச் சொல்லாட்டில் எனக்கு நித்திரை வராது. அந்த அவசரத்தாலை உம்மடை பேருக்கு ஏதும் வந்தால்... இப்பவே போய்க் கழட்டுறன். வெள்ளிக்கிழமை பாஸோ பெயிலோ, அறை உம்மடைதான். கார்த் திறப்பு எங்கை?

சுவர்ணா: இருங்கோ. கதிரை மாறுவம்.

ரதீசன்: ஏன்?

சுவர்ணா: இப்ப நீங்கள் டொக்டர். நான் வந்த ஆள்.

ரதீசன்: எனக்கு உந்தக் கேள்வியள் ஒண்டும் தெரியாது.

சுவர்ணா: நான் சொல்லுறது என்ரை புருசனுக்குப் போகாது எண்டு மட்டும் சொல்லுங்கோ.

ரதீசன்: போகாது. அந்தாளிட்டைச் சொன்னால் ஊருக்கே தெரிஞ்சிடும். என்ன விசயம்?

சுவர்ணா: வெள்ளிக்கிழமை வைவா இல்லை. அது போன மாசமே முடிஞ்சு, பாஸும் பண்ணிட்டன். கண்ணூறு பட்டிடும், பேர் ரெஜிஸ்டரிலை ஏறட்டும் எண்டுதான் உங்களுக்கும் ஒளிச்சனான். இந்த ஒத்திகையும் அதை மறைக்கத்தான். பேர் இண்டைக்கு மத்தியானம் ஏறிட்டுது... மத்தியானம் வரைக்கும்தான் நீங்கள் குற்றவாளி. அந்தப் பலகையிலை கை வையாதேங்கோ, எனக்கு இப்பவே போய்ப் பாக்கோணும்.