ஐந்தாம் கல்லுக்குக் குனிந்தவர்

சென்ற ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில், காலை எட்டேகால் மணிக்கு, மடுகரையிலிருந்து வில்லியனூர் வரும் சாலையில், நெட்டப்பாக்கம் தாண்டிய வளைவில், என் மினி லாரியின் பின்சக்கரத்தைச் சரிசெய்து கொடுத்த மெக்கானிக் கண்ணையன் கார் மோதி இறந்துபோனார். அப்போது என் லாரி அங்கே இல்லை. சக்கரம் சரியானதும் நான் கிளம்பிவிட்டேன். நடந்தது இதுதான்.

இதைச் சொன்ன பிறகுதான் வணக்கம் சொல்லும் தகுதி எனக்கு வருகிறது. ஆகவே, இந்தப் படத்திறப்பு நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்கும் வாகன உரிமையாளர் சங்கத் தலைவர், பெருமதிப்பிற்குரிய அரிகரன் அவர்களே! கோபத்தையும் நியாயத்தையும் ஒருசேர நெஞ்சில் சுமந்து இந்த மேடைக்கு வந்திருக்கும் மெக்கானிக் சங்கச் செயலாளர், அன்புத் தம்பி குமரவேல் அவர்களே! பாகூரிலிருந்தும் மண்ணாடிப்பட்டிலிருந்தும் காட்டேரிக்குப்பத்திலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! பெற்றெடுத்த பிள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு போனால், திரும்பி வருகிற வரையில் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் கண்ணையனின் துணைவியார், என் உடன்பிறவாத் தங்கை செல்வகுமாரி அவர்களே! உங்கள் அனைவருக்கும் இலை மண்டி அப்துல் கனியின் வணக்கமும் சலாமும்.

கை தட்டாதீர்கள். அங்கே பின்னால் யாரோ கை தட்டுகிறீர்கள். வேண்டாம் தம்பி. இது அந்த மாதிரிப் பேச்சு இல்லை.

நான் படித்தவன் அல்லன். சைக்கிளில் வாழை இலைக்கட்டு கட்டித் தெருத்தெருவாக விற்றவன். ஒரு கட்டு பத்துக் கட்டாகி, பத்துக் கட்டு ஒரு மண்டியாகி, மண்டிக்கு மூன்று மினி லாரி வந்தது. எப்படி வந்தது? நேரத்தால் வந்தது! பந்தி போடுகிற நேரத்துக்கு முன்னால் இலை போய் நிற்க வேண்டும். வாடினால் மாட்டுக்கு, வைகினால் குப்பைக்கு. இதுதான் என் தொழில். வேகம் எனக்குச் சோறு போட்டது. அந்த வேகம் இன்னொருவர் வீட்டுச் சோற்றில் மண்ணைப் போட்டது.

அன்றைக்கு நானே வண்டி ஓட்டி வந்தேன். வளைவுக்கு வந்ததும் பின்சக்கரம் பட்டென்று போயிற்று. ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. கண்ணையனுக்குப் போன் போட்டேன்.

“இன்னா பாய், கல்யாண எலையா? வளைவுலயா நிக்குது? வண்டிகிட்ட நிக்காத, ஓரமா போயி நில்லு. தோ வரேன்.”

பன்னிரண்டு நிமிடத்தில் வந்தார். வந்த மனிதர் முதலில் சக்கரத்தைத் தொட்டாரா? இல்லை. ஜாக்கியை எடுத்தாரா? இல்லை. கல் பொறுக்கினார். உங்களுக்கெல்லாம் தெரிந்த பழக்கம்தான். வண்டி நின்றால் அதற்குப் பின்னால், தூரத்திலிருந்து வருகிறவனுக்குத் தெரியும்படி, ஏழெட்டுக் கல்லும் ஒரு மரக்கிளையும் வரிசையாக வைப்போம். கண்ணையன் ஏழு கல் வைத்தார். வேப்பங்கிளை ஒன்றை ஒடித்து முதல் கல்லுக்குப் பக்கத்தில் சாய்த்தார். அதன் பிறகுதான் சக்கரத்தின் பக்கம் உட்கார்ந்தார்.

வேலை முடிந்தது. நான் சீட்டில் ஏறிவிட்டேன். அவர் கல்லை எடுக்கப் போனார்.

“ஒரு நிமிசம் நில்லு பாய். வண்டிய அப்படியே வுட்டு ரெண்டு பக்கமும் சிக்னல் போடு. கல்ல எடுத்துக்கறேன்.”

“கல்லு இன்னா கால் மொளச்சு ஓடியா போவுது? வுட்டுட்டு வாயேன் கண்ணையா.”

“வுட்டுட்டு போறதா? போன மாசம் ஏம்பலத்துல எவனோ வுட்டுட்டுப் போன கல்லுல பால்காரரு ஒருத்தரு வுழுந்து மூஞ்சி பேந்துடுச்சு. வச்சவன்தான எடுக்கணும்?”

“சரி, எடுத்துக்கோ. நான் கெளம்பறேன். பந்திக்கு நேரமாவுது.”

“போ, போ. மாப்ள பட்டினியா கெடக்கப் போறான்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

பெரியோர்களே! இந்த இடத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பழுதான லாரி நின்றவரைக்கும் அந்தச் சாலையில் கண்ணையன் பத்திரமாக இருந்தார். ஏன்? ஒரு பெரிய இரும்புப் பொருள் நிற்கிறது, இடித்தால் தன் வண்டி நசுங்கும் என்று வருகிறவன் பயந்தான். லாரி போன பிறகு அங்கே இருந்தது என்ன? ஒரு மனிதர்! வெறும் மனிதர்! இரும்புக்கு ஒதுங்குகிற நாம் எலும்புக்கு ஒதுங்குவதில்லை! லாரிக்குத் தருகிற மரியாதையை லாரியைச் சரிசெய்தவருக்குத் தருவதில்லை!

நான்கு கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டார். ஐந்தாவது கல்லுக்குக் குனிந்தார்.

மோதியவர் குடிக்கவில்லை. தூங்கவில்லை. பட்டப்பகல், நல்ல வெளிச்சம். “யாரோ ஒருத்தர் கல்லு பொறுக்கறாருன்னு தெரிஞ்சுதுங்க. ஹாரன் அடிச்சேங்க” என்று அழுதார். ஹாரன் அடித்தார்! ஐயா, காலுக்கடியிலேயே பிரேக் இருக்கிறதே, அது எதற்கு? ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கவா? ஹாரன் என்ன சொல்கிறது? நான் நிற்கமாட்டேன், நீ ஓடு என்கிறது. கையில் கல்லோடு குனிந்திருக்கும் ஐம்பத்திரண்டு வயது மனிதர் எங்கே ஓடுவார்?

(“நீ நின்னிருந்தா அவரு செத்திருக்க மாட்டாருயா!”)

யார் சொன்னது? எழுந்து சொல்லுங்கள். உட்கார வைக்காதீர்கள் அவரை, சொல்லட்டும். ஆமாம் தம்பி. நின்றிருந்தால் செத்திருக்கமாட்டார். கல் எடுக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நீ ஒரு முறை சொல்லிவிட்டு உட்காருகிறாய். நான் நாற்பத்தோரு நாளாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கண்ணையனின் போனிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. எடுத்தால் வேறு குரல். வண்டியைத் திருப்பினேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் வந்திருந்தது. அதில் வந்த செவிலியப் பெண், பெயர் பிரியதர்ஷினி, தார்ச்சாலையில் மண்டியிட்டுக் கண்ணையனின் மார்பை அழுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் முதுகுக்கும் போகிற வண்டிகளுக்கும் இடையே ஒரு முழம் இடைவெளிகூட இல்லை. ஒரு மோட்டார் சைக்கிளின் கைப்பிடி அதன் தோளை உரசிப் போனதை நான் கண்ணால் கண்டேன். உரசியவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் ஒரு பக்கம் கையை ஆட்டிக் கத்துகிறார். கூட்டம் மறுபக்கம் செல்போனை நீட்டுகிறது. என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் கேட்டது:

“அண்ணே, அந்த வண்டியக் கொண்ணாந்து எனக்குப் பின்னாடி குறுக்கப் போடுங்கண்ணே. நான் இவரப் பாக்கறதா, என் முதுகப் பாக்கறதா?”

போட்டேன். கண்ணையனுக்குப் பின்னால் நிற்க வேண்டிய வண்டி, நிற்க வேண்டிய இடத்தில், இருபத்தைந்து நிமிடம் கழித்து வந்து நின்றது. தாய்மார்களே, இதைவிட வெட்கக்கேடு ஒரு மனிதனுக்கு உண்டா?

இலை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கல்யாண வீட்டார் அரைமணி நேரம் பார்த்துவிட்டு வேறு மண்டியில் வாங்கிக்கொண்டார்கள். பந்தி குறித்த நேரத்துக்கு நடந்தது. நான் ஓடாவிட்டால் உலகம் நின்றுவிடும் என்று நினைத்தேனே, அந்த உலகம் நான் வராததைக் கவனிக்கவே இல்லை!

காரியம் முடிந்த மறுநாள் ஒன்று செய்தேன். சந்தேகம் வந்தால் சரக்கைப் பிரித்துப் பார்ப்பது வியாபாரியின் குணம். நம் ஜனங்களைப் பிரித்துப் பார்த்தேன். அதே வளைவில் லாரியை நிறுத்தினேன். கல் வைத்தேன், கிளை வைத்தேன். ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நின்றேன். என் மகள் ஃபைஜா கேபினில் உட்கார்ந்து, போகிற வண்டிகளை எண்ணிக் குறித்தாள்.

நூறு வண்டி. வேகத்தைக் குறைத்தவை பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டில் ஏழு எதற்குக் குறைந்தன தெரியுமா? வளைவில் கண்ணையனுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருக்கிறோமே, அதில் யார் யார் படம் போட்டிருக்கிறது என்று பார்க்க! செத்தவரின் படத்துக்கு வேகம் குறைகிறது. உயிரோடு நிற்கும் ஆளுக்குக் குறையவில்லை! மீதி ஐந்தில் இரண்டு பேர் என்னைப் படம் எடுத்தார்கள். ஒன்று நெல் அறுப்பு மெஷின். அதன் வேகமே அவ்வளவுதான். ஆக, ஒரு மனிதனுக்காக வேகம் குறைத்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். குறைக்காத எண்பத்தெட்டில் பதினான்கு வண்டி நம் சங்கத்து வண்டி, தலைவர் அவர்களே. நம்பர் என்னிடம் இருக்கிறது. இப்போது சிரிப்பு நின்றுவிட்டது, பாருங்கள்.

ஃபைஜா இறங்கி வந்து சொன்னாள்: “அத்தா, நூறு ஆயிட்டுது. வா போவலாம். நூத்தியோராவத எண்ண எனக்கு தைரியமில்ல.”

அதன் பிறகு எனக்கும் தைரியமில்லை. உண்மையைச் சொல்கிறேன்: இந்தப் பேச்சால் உங்களில் ஒருவர் மாறுவார் என்ற நம்பிக்கைகூட எனக்கு இல்லை. இந்தக் கூட்டம் முடியும். வண்டியைக் கிளப்புவீர்கள். அரும்பார்த்தபுரத்திலோ கரிக்கலாம்பாக்கத்திலோ எவனோ ஒருவன் சாலையோரம் சக்கரம் மாற்றிக்கொண்டிருப்பான், ஹாரன் அடிப்பீர்கள். தீயணைக்க வந்தவனுக்கும் ஹாரன், மின்கம்பி இழுப்பவனுக்கும் ஹாரன், அடிபட்டவனைத் தூக்குகிறவனுக்கும் ஹாரன்! நமக்கு உதவ வந்தவனை நாமே விரட்டுகிற ஊர் எந்த ஊர்? நம் ஊர்! நம்மைக் காக்கக் குனிந்தவனின் முதுகை உரசிப் போகிற கூட்டம் எந்தக் கூட்டம்? நம் கூட்டம்! அதில் முதல் ஆள் யார்? மேடையில் நிற்கும் இந்த அப்துல் கனி!

நாற்பது நாளாக நம் மெக்கானிக்குகள் ஒருவரும் சாலைக்கு வருவதில்லை. மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி காட்டேரிக்குப்பத்தில் இரண்டு நாள் நின்று நாறியது. பட்டறைக்கு இழுத்து வந்தால் பார்ப்போம், சாலையில் வந்து சாகமாட்டோம் என்கிறார்கள். தவறா? தம்பி குமரவேல் என் முகத்துக்கு நேராகக் கேட்டார்: “ஒங்களுக்கு அவசரம்னா நாங்க சாவணுமா பாய்?”  உங்களில் யாரிடமாவது பதில் இருக்கிறதா? இருந்தால் மேடைக்கு வாருங்கள், இடம் தருகிறேன்.



ஆகையால்தான் நல்ல மனதை நம்புவதை விட்டுவிட்டு, இரண்டு சங்கமும் உட்கார்ந்து இன்று காலை ஒப்பந்தம் பேசினோம். வியாபாரிக்குத் தெரிந்த ஒரே வழி அது. பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், என் முகத்தைப் பார்க்கச் சம்மதித்துப் பேச்சுவார்த்தைக்கு வந்த தங்கை செல்வகுமாரிக்கும் இப்போதே நன்றி கூறி, வணங்கி விடைபெறுகிறேன். ஒப்பந்தத்தைப் படித்த பிறகு ஒரு வார்த்தையும் பேச எனக்கு வாய் வராது.

நாளை காலை முதல் மெக்கானிக்குகள் சாலைக்கு வருவார்கள். கூப்பிட்டவன், வந்தவருக்குப் பின்னால் தன் வண்டியை எல்லா விளக்கும் மின்ன நிறுத்த வேண்டும். அவர் கடைசிக் கல்லையும் எடுத்துப் போட்டு, தன் வண்டியில் ஏறிக் கிளம்பும் வரையில் நகரக் கூடாது. சாலையில் ஆள் நின்று வேலை செய்வதைக் கண்டும் வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போகாத வண்டியின் நம்பரை ஒரு மெக்கானிக் சொன்னால் போதும்; விசாரணை கிடையாது. மூன்று மாதத்துக்கு அந்த வண்டியை இந்தக் கம்யூன் பஞ்சாயத்துகளில் எந்த மெக்கானிக்கும் தொடமாட்டார். ஆம்புலன்ஸ்காரர்கள் சொன்னாலும் அப்படியே.

என் மூன்று வண்டிகளுக்கு மட்டும் தனி ஷரத்து. தங்கை செல்வகுமாரி வைத்தது. அவை எங்கே நின்றாலும், எதை ஏற்றிக்கொண்டு நின்றாலும், எந்த மெக்கானிக்கும் வரமாட்டார். காலக்கெடு எழுதவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.