பூனை நிறத்துக் கம்பளி

கணினிகளோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை, மியோட்ராக். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் வுகாஷின் இந்தக் கணினியை வாங்கி வந்த அன்று, அதன் மேல் போட ஒரு பூவேலை விரிப்புகூடப் பின்னிக் கொடுத்தேன். சூடாகிறது என்று அவன்தான் எடுத்துவிட்டான்.

பழுது பார்க்கிற உங்களுக்குத் தெரியாததில்லை. அந்த கிராபிக்ஸ் கார்டின் மேல் ஒரு குட்டி விசிறி இருந்தது. கணினிப் பெட்டியை மேசைக்கு அடியில் வைத்து, பக்க மூடியைக் கழற்றியே போட்டிருந்தான். காற்று நேராக அவன் இடுப்புக்குத்தான் வந்தது. குறுக்குக் காற்று என்ன செய்யும் என்று நம் லெஸ்கோவாட்ஸ் ஊரில் பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அண்ணி பேருந்தில் இரண்டு சன்னல்களுக்கு நடுவே உட்கார்ந்து போனாள். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. இந்த வீட்டில் முப்பத்தொரு வருடமாக யாரும் இரண்டு சன்னல்களைச் சேர்த்துத் திறந்ததில்லை. எந்த ஆகஸ்ட் வெயிலிலும் ஒன்றுதான்.

மகனிடம் பக்குவமாகத்தான் சொன்னேன்.

"இடுப்புல ஒரு சால்வையாவது கட்டிக்கோடா. கிட்னி போச்சுன்னா யாரு பாக்குறது?"

"அம்மா, உள்ளங்கை அளவு விசிறிம்மா அது. அது சுத்தலைன்னா கார்டு வெந்துரும். கிராட்ஸ் வேலையும் சேர்ந்து வெந்துரும்."

கிராட்ஸ் ஆஸ்திரியாவில் இருக்கிறது. அங்கே ஒரு கட்டட நிறுவனம், இன்னும் கட்டாத பள்ளிக்கூடத்துக்குள் நாமே நடந்துபோவது போல ஒரு படம் செய்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தது. பிடித்துவிட்டால் வேலை, அடுத்த மாதமே அங்கே குடிபோக வேண்டும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பரண் மேலிருந்த பயணப் பெட்டியைத் துடைத்து வைத்தவளே நான்தான். என் கவலையெல்லாம் காற்று மட்டும்தான்.

நான் நூற்பாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். சுற்றுகிற எதையும் நிறுத்துவதற்கு நூல் எங்கே நுழைய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவன் ரொட்டி வாங்கப் போன பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. மறுநாள் கார்டைக் கழற்றி, திருகாணிகளை என் காபித் தட்டில் போட்டு, அச்சில் சுற்றியிருந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பூனை முடி என்று முடிவு கட்டினான். நான் மறுக்கவில்லை. நான் சுற்றிவிட்ட கம்பளி நூல் எங்கள் பூனையின் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. கடைக்குக் கொஞ்சம் பூனை முடி எடுத்துப்போய், ஒத்துப் பார்த்துத்தான் வாங்கியிருந்தேன்.

உங்கள் கடையிலிருந்து புது விசிறி வாங்கி மாட்டினான். அது பழையதைவிட வேகம், அதாவது காற்றும் அதிகம். செவ்வாய்க்கிழமை அதையும் நிறுத்தினேன். பூனையை என் தம்பியின் பண்ணைக்கு அனுப்பிவிட்டான். எட்டு வருடம் என் காலடியில் தூங்கிய பூனை, கூடைக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டு போனது. அன்று நான் உண்மையிலேயே அழுதேன்.

இன்னொரு விசிறிக்குக் காத்திருக்க நேரமில்லை என்று, பழைய கணினி ஒன்றிலிருந்த பெரிய விசிறியைப் பிளாஸ்டிக் பட்டையால் கார்டின் மேல் கட்டினான். திரைச்சீலையே ஆடியது. ஒரு தாய் எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்? பூனையில்லாத வீட்டில் மறுபடி செய்தது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். விசிறி பெரிது என்பதால் முடிச்சும் போட்டுவிட்டேன். வியாழக்கிழமை மத்தியானம், படம் முக்கால்வாசி முடிந்தபோது, திரை கறுத்துப் போனது. கார்டு வெந்துவிட்டது. கிராட்ஸ்காரர்கள் வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். வுகாஷின் இரண்டு நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். இறைச்சி அடைத்த குடைமிளகாய் என்றால் அவனுக்கு உயிர். செய்து வைத்தேன், தொடவில்லை.

அவன் விசிறியோடு உங்களிடம் கொடுத்துவிட்ட கார்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அவனிடம் சொல்லாமல் என்னைத் தேடி வந்தீர்களே, அது பெரிய மனது. "தேசாங்கா அக்கா, பூனை முடிச்சுப் போடாது" என்றீர்கள். சரிதான். மூன்று முறையும் நான்தான். அவன் என்னை விட்டுப் போய்விடக் கூடாதென்று செய்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள். கிடையாது. அவன் உடம்புக்கு அந்தக் காற்று ஆகாது, அவ்வளவுதான்.

காபி ஆறுகிறது, குடியுங்கள். இன்றைக்கு என்ன வெக்கை. அவன் அறைச் சன்னலைக் காலையிலேயே திறந்து வைத்துவிட்டேன். இருங்கள், இதையும் திறக்கிறேன். காற்று என்ன சுகமாக வருகிறது, பாருங்கள்.