தனிச் சட்டி

நாய் புல் தின்றால் பயப்பட ஒன்றுமில்லை. வயிறு பொருமினால் தின்னும், கக்கும், பிறகு வாலாட்டிக்கொண்டு வரும். ஒரே நாளில் மூன்று தரம் கக்கினால்தான் பார்க்க வேண்டும். இதை நான் முதலில் சொல்கிறேன். ஏனென்றால் காலையிலிருந்து இந்தப் பொலிஸ் ஸ்டேசனில் நீங்கள் போத்தலைப் பற்றியே கேட்கிறீர்கள், ஐயா. போத்தல் எங்கே இருந்தது, மூடியை யார் திறந்தது. நாயைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. நான் தமிழில் சொல்வதை நீங்கள் சிங்களத்தில் எழுதுகிறீர்கள். என்ன எழுதுகிறீர்களோ தெரியாது. ஆனாலும் சொல்கிறேன்.

என் பெயர் கறுப்பையா. ரங்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருசம் காவல் வேலை பார்த்தேன். இப்போது திகனையில் மகன் ஜெயராஜோடு இருக்கிறேன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுத்து வராது, ஆனால் நாயின் வயிறு தெரியும். பீயைப் பார்த்தால் முந்தின நாள் என்ன தின்றது என்று சொல்லுவேன். உதட்டைத் தூக்கி ஈற்றைப் பார்ப்பேன். சிவப்பாக இருந்தால் சுகம், வெளுத்திருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது. முன்னங்காலை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றால், சாமி கும்பிடுகிறது என்று சிரிப்பார்கள். அது வயிற்றுவலி. மனிதன் வாய் ஒன்று சொல்லும். நாயின் வயிறு பொய் சொல்லாது.

மருமகள் நிஷாந்தினி கெட்ட பிள்ளை என்று நான் சொல்லவில்லை. வீட்டைக் கூட்டுவாள், உடுப்பைத் துவைப்பாள், நேரத்துக்குத் தேத்தண்ணி தருவாள். இரண்டு மாசத்துக்கு முந்தி எனக்குத் தலைசுற்று வந்தபோது தெல்தெனிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவள் அவள்தான். அங்கே டொக்டர் அவளிடம்தான் பேசினார், விறுவிறுவென்று சிங்களத்தில். எனக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம். போஞ்சி விற்கப் போதும், வியாதி விளங்கப் போதாது. வெளியே வந்ததும், "பிரஷர் கூடிப் போச்சாம் மாமா. உப்பக் கொறைக்கணுமாம்" என்றாள். கால் மணித்தியாலம் பேசினார் அந்த மனுசன். அவள் எனக்குச் சொன்னது இரண்டே பேச்சு. மிச்சம் எங்கே போனது?

மறுநாளிலிருந்து எனக்குத் தனிச் சட்டி. அவர்களுக்கு ஒரு கறி, எனக்கு வேறொரு கறி, மூடி போட்டு ஒதுக்கி வைத்திருந்தாள்.

"உப்பு இல்லாதது தெரியாம இருக்க வெங்காயமும் பூடும் அள்ளிப் போட்டிருக்கேன் மாமா. சாப்புட்டுப் பாருங்க" என்றாள்.

சாப்பிட்டுப் பார்த்தேன். அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு என் வாயையே பார்த்தாள். நான் விழுங்கியதும் சிரித்தாள். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், ஒருவனுக்கு மட்டும் வேறு சட்டி ஏன்? முப்பது வருசம் இருட்டில் கள்ளனைப் பார்த்தவன் நான். காரணத்தை முந்திக்கொண்டு சொல்கிறவனை நம்பியதில்லை.

அதனால் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் டோனிக்கு வைக்கத் தொடங்கினேன். டோனி எங்கள் நாய், செம்பட்டை நிறம், ஐந்து வயது. நான் பஜாரில் லாபிர் நானாவின் கடையில் ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டு வருவேன். மகன் ஒரு நாள் கண்டுவிட்டான்.

"அப்பாவுக்குச் சாப்பாடு ருசி பாக்க ஆள் வச்சிருக்காரு. கண்டி ராஜா தோத்துப் போனான்" என்றான்.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

நாலாம் நாள் டோனி மஞ்சளாகக் கக்கியது. கழிச்சல் கண்டது. ஐந்தாம் நாள் அந்தச் சாமி கும்பிடுகிற நிலை. ஈறு வெளுத்துவிட்டது. நான் அவசரப்படவில்லை. எனக்கான சட்டியை வாழை அடியில் கொட்டிவிட்டு, அவர்கள் சட்டிச் சோற்றில் ஒரு பிடியும் கருவாட்டுத் துண்டும் வைத்தேன். ஒரு வாரத்தில் நாய் எழும்பியது. ஒரு தரம் என்றால் தற்செயலாக இருக்கலாம், வீண் பழி போடக் கூடாது. அதனால் மறுபடியும் என் சட்டியை வைத்தேன். மறுபடியும் விழுந்தது. படித்தவர்கள் இதைவிட என்ன சோதனை செய்வார்கள்?

இரண்டாம் தரம் விழுந்தபோது அழுதவள் நிஷாந்தினி. திரீவீல் பிடித்து, நாயை மடியில் வைத்துக்கொண்டு, குண்டசாலைப் பக்கம் ஒரு மிருக டொக்டரிடம் போனாள். நானும் ஏறினேன், அவள் தனியாகப் பேசிவிடக் கூடாது என்று. டொக்டர் கஜேந்திரன் யாழ்ப்பாணத்து ஆள். நாயை 'இவர்' என்றுதான் பேசினார்.

"ஐயா, இவருக்கு வெங்காயக் கறி குடுக்கிறனீங்களோ? ஈறு வெளிறிக் கிடக்கு. மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில போகுது. வெங்காயமும் உள்ளிப்பூடும் மனிசருக்கு நல்லது, நாய்க்கு நஞ்சு. ரத்தத்தை உடைச்சுப் போடும்."

பிறகு பக்குவம் சொன்னார். "அரை நாளைக்குச் சாப்பாடு ஒண்டும் குடுக்காதேங்கோ. தண்ணி மட்டும் கொஞ்சம் கொஞ்சமா. பிறகு குழையச் சமைச்ச சோறு, தோல் உரிச்ச கோழி. உப்பு, வெங்காயம் வேண்டாம். திரும்பவும் சத்தி எடுத்தால் பாத்துக்கொண்டு இராதேங்கோ, உடன கொண்டு வாங்கோ."

நஞ்சு என்று அவர் வாயாலேயே சொன்னார். அதை எழுதிக்கொள்ளுங்கள். வெங்காயம் என்றது அவளைக் காப்பாற்ற. நான் வளர்த்த நாய்கள் பதினொன்று. எல்லாம் என் மிச்சச் சோறு தின்றவை. அதில் நாலைந்து கக்கிக் கழிந்து செத்ததுதான், ஆனால் வெங்காயத்தால் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கேட்டேன். "இந்தா புள்ள, என் சட்டியில என்ன போடுற?"

அவள் கோபிக்கவில்லை. அது இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது.

"மாமியார் இல்லாத வீடுன்னு சந்தோசமா வந்தேன். மாமியாருக்கும் சேத்து நீங்களே இருக்கீங்க" என்றாள். பிறகு என் சட்டியிலிருந்து சோற்றில் ஊற்றிப் பிசைந்து என் எதிரே தின்றாள். விரலையும் சூப்பினாள். "போதுமா? நம்பிக்கை வர்ற வரைக்கும் தினமும் மொத வாய் நான் திங்கிறேன். நீங்க கடையில தின்னு ஒடம்பக் கெடுத்துக்காதீங்க மாமா."

அன்று அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைத்தான் மகன் திரும்பத் திரும்பச் சொல்கிறான், நீங்களும் சொல்கிறீர்கள். அவளே தின்றாளே, ஒன்றும் ஆகவில்லையே என்று. எத்தனை தரம் விளங்கப்படுத்துவது? தானே தின்னப்போகிற நாளில் எவளாவது போடுவாளா? அன்று போடவில்லை. அவ்வளவுதான். இனித் தினமும் முதல் வாய் அவள் தின்பாள் என்றால் இனி ஒரு நாளும் போடமாட்டாள். அப்புறம் என் பேச்சு பொய்யாகும், கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது என்பார்கள். போட்ட குற்றம் அப்படியே போய்விடும்.

அடுத்த சனிக்கிழமை மகன் வேலைக்குப் போயிருந்தான். அவள் கறியை இறக்கி வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள். போஞ்சிக் கொடிக்கு அடிக்கிற பூச்சி மருந்து கொல்லைத் தட்டில் இருந்தது. அவள் போட மறந்ததை நான் போட்டேன். இதுதான் நீங்கள் கேட்கிற போத்தல். மூடியைத் திறந்தது நான். புதிதாக எதையும் செய்யவில்லை, அந்தச் சட்டியை முன்பு இருந்தபடி ஆக்கினேன்.

மத்தியானம், "அன்னைக்கு மாதிரித் தின்னு காட்டு" என்றேன்.

இரண்டாம் வாயில் முகம் சுளித்தாள். "ஒரு மாதிரி கசக்குதே மாமா. பூடு கருகிருச்சோ?"

"உப்பில்லாக் கறி அப்படித்தான்" என்றேன்.

சிரித்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்ததால் கோப்பையை முழுக்க வழித்துத் தின்றாள். "இன்னைக்காவது நம்புறீங்களா?" என்று கேட்டாள். நம்புகிறேன் என்றேன்.

அரை மணித்தியாலத்துக்குள் கக்கினாள். வாயில் நீர் வடிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினாள். டோனி நின்ற அதே நிலை. கிட்டே போய் உதட்டை விலக்கி ஈற்றைப் பார்த்தேன். வெளுத்திருந்தது. நான் சொன்னது சரியாகிவிட்டது.

"ஆஸ்பத்திரிக்கு" என்றாள். போனைக் கேட்டாள்.

நான் ஒன்றும் செய்யாமல் இருந்தேன் என்று எழுதியிருந்தால் அதை வெட்டுங்கள். வாந்திக்கு அரை நாள் பட்டினி, தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக என்று டொக்டர் சொன்னதைத்தான் செய்தேன். கரண்டியால் தண்ணீர் கொடுத்தேன். நெற்றியைத் துடைத்துவிட்டேன். போனை அலுமாரிக்கு மேலே வைத்தேன், அவள் வீணாக அலட்டிக்கொள்ளக் கூடாது என்று. மறுபடியும் கக்கினாள், பிறகும் கக்கினாள். எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பக் கக்கினால் உடனே கொண்டு வரச் சொல்லி டொக்டர் கடைசியாகச் சொன்ன பேச்சு நாய்க்குச் சொன்னது. ஐந்து மணிக்கு மகன் வந்து தூக்கிக்கொண்டு ஓடினான். மூன்றாம் நாள் கண்டி ஆஸ்பத்திரியில் முடிந்தது.

மகன் என்னோடு பேசுவதில்லை. டொக்டர் சொன்னபடி வெங்காயம் இல்லாமல் சோறு பொங்கி டோனிக்கு வைக்கிறானாம். நேற்று இங்கே வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல், நாய் எழும்பி ஓடுகிறது, ஈறு சிவந்துவிட்டது, கக்கலும் கழிச்சலும் நின்றுவிட்டன என்று உங்கள் ஆளிடம் சொன்னான். நான் கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். வெங்காயத்தை நிறுத்தியதால் சுகமாம். அவனும் படித்தவன்தான், அவனுக்கும் விளங்கவில்லை.

அவள் போய்ப் பதினாறு நாள், ஐயா. பதினாறு நாளும் நாய் ஒரு தரம்கூடக் கக்கவில்லை. அவள் போடவில்லை என்றால் இது எப்படி?