மைல் கல் இருந்தால்தான் இறங்குவேன்

குழந்தைகளே, நேற்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர், "அப்பல்லாம் மைல் கல் இருந்தாத்தான் நான் இறங்குவேன்" என்றார்.

"பஸ்ஸிலேருந்து இறங்கவா?"

"சைக்கிள்லேருந்து. புதுசா கத்துக்கிட்ட சமயம். மேடு பள்ளத்துலகூட விழாம ஓட்டுவேன். ஆனா கல்லு மேல கால் ஊனித்தான் ஏறவும் இறங்கவும் தெரியும்."

"நல்ல வித்தைதான் போங்க!" என்று நண்பர் சிரித்தார்.

"ரங்கூனுக்குப் புறப்பட்ட எங்க அண்ணன் ஜட்காவுல எதிர்ல வந்தாரு. வண்டியை நிறுத்திக் கையை நீட்டினாரு. பக்கத்துல கல்லே இல்லை. மணியடிச்சிட்டே தாண்டிப் போயிட்டேன். ஒரு கல்லைப் பிடிச்சு இறங்கித் திரும்பி வந்தா, ஜட்காவைக் காணோம். அவருக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

"அப்புறம் அண்ணனைப் பார்த்தீங்களா?"

"இல்லைங்க. அங்கேயே காலமாயிட்டாரு. நான் மறுநாளே இறங்கக் கத்துக்கிட்டேன்."