ஈரக்கை

இல்லக்கா, ஜாக்கெட் இல்ல. நீச்சல் டிரஸ்ஸு. சிரிக்காத, டேப்ப எடு மொதல்ல. நாளைக்குக் காலீல மகாபலிபுரத்துல போட்டி. கம்பெனில குடுத்தத பாரு, இந்தா. இதப் போட்டுகினு நான் வெளிய வந்தா கடலே கண்ண மூடிக்கும். செங்கல்பட்டு பூரா சுத்திட்டேன், எந்தக் கடைலயும் ஒழுங்கான டிரஸ் இல்ல. முழங்கால் வரைக்கும் துணி வெய்யி, கழுத்த ஏத்து, கை வெய்யி. பாஸ்டர் சம்சாரம் வேற வேடிக்க பாக்க வர்றாங்களாம்.

ட்ரையத்லானாம்க்கா. கடல்ல நீஞ்சணும், அப்புறம் ஈசிஆர்ல சைக்கிள் மிதிக்கணும், அப்புறம் ஓடணும். எல்லாத்தையும் ஒரே ஆளு செய்யணுமாம். எங்க மறைமலைநகர் கம்பெனில அம்மாம் தெம்பு யாருக்குக் கீது? ஆளுக்கு ஒண்ணா பங்கு போட்டுகினாங்க. நான் நீஞ்சறேன். பர்ச்சேஸ் மேனேஜர் வாசுதேவன் சார் சைக்கிளு. ஸ்டோர்ஸ் ஹரிசங்கர் ஓட்டம். அவரு இதுக்காகவே நேத்துலேருந்து சிகரெட்ட நிறுத்திட்டாரு, பாவம்.

போட்டில வசூலாவற பணம் கிராமத்துப் பள்ளிக்கூடத்துல குடிதண்ணித் தொட்டி கட்டறதுக்கு. டீ சர்ட்லயே போட்டுகீறாங்க, தண்ணீர் எல்லாருக்கும்னு. நல்ல எண்ணந்தான், நான் இன்னா கொற சொன்னேன்?

என்ன எப்டி புடிச்சாங்களா? போன வருஷம் கம்பெனி பிக்னிக்ல, எச்ஆர் மீரா மேடம் புள்ள நீச்சல் கொளத்துல ஆழத்துல விழுந்துட்டான். எல்லாரும் லைஃப்கார்டு, லைஃப்கார்டுன்னு கத்திகினு நிக்கறாங்க. அந்தாளு பிரியாணி லைன்ல நிக்கறான். நான் சுடிதாரோட குதிச்சி இழுத்துகினு வந்தேன். சம்பளம் ஏத்தினாங்களான்னு கேக்காத. நல்லா கை தட்டினாங்க.

வாசுதேவன் சார் ரெடியாவறதத்தான் நீ பாக்கணும். கால்ல முடிய செரச்சிகினாரு. காத்து தடுக்குமாம். தொந்தி தடுக்காதாம். சைக்கிளு சிங்கப்பூர்லேருந்து வந்துது. அத இன்னிக்குக் காலீல கோயில் வாசல்ல நிறுத்தி, சந்தனம் குங்குமம் வெச்சி, கற்பூரம் காட்டி, லாரிக்கு வெக்கற மாதிரி சக்கரத்துக்கு அடில எலுமிச்சம்பழம் வெச்சி ஏத்திகீறாரு. மெலிசான டயரு. பழம் நசுங்கல, சார்தான் கீழ விழுந்தாரு. முட்டில பிளாஸ்திரி. திருஷ்டி கழிஞ்சிடுச்சின்னு அவங்க வூட்டம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

கெட்ட மனுஷன்னு சொல்ல மாட்டேன். கேன்டீன்ல எதுர்ல வந்து உக்காந்து, நீ எங்கேம்மா நீச்சல் கத்துகிட்டேன்னு கேட்டாரு. மதுராந்தகம் பக்கம் ஒரு கெணத்துல சார்ன்னேன். அடடே, எங்க ஊரும் அந்தப் பக்கந்தான், எங்க கெணறு அவ்ளோ பெருசு, ஒரு நாள் வந்து நீஞ்சிட்டுப் போம்மான்னாரு. வாய் வரைக்கும் வந்துச்சி. சாம்பார ஊத்திகினு முழுங்கிட்டேன்.

கைய மணிக்கட்டுக்கு மேலயே நிறுத்திடுக்கா. உள்ளங்கை நல்லா தெறந்து இருக்கணும். ஒரு ரூலு கீது. கடல்லேருந்து நான் ஓடியாந்து சாரோட கைமேல கை அடிக்கணும். அடிச்சாதான் அவரு சைக்கிள எடுக்கலாம். நேத்து ஒரு தபா அடிச்சிப் பாக்கலாம்னாங்க. வேணாம், நாளைக்கே பாத்துக்கலாம்னுட்டேன்.

பயமா? சுனாமி வந்து ரெண்டு வருஷம் கூட ஆவல, எங்கம்மா நேத்துலேருந்து ஜெபத்துல கீது. எனக்கு கடலாண்ட பயம் இல்ல. நான் தொட்டேன்னு கடல யாரும் எறச்சிக் கொட்ட முடியாதே.

இன்னா முழிக்கற? சார் ஊர் பேர சொன்னதுமே தெரிஞ்சிடுச்சி, அவங்க கெணத்துலதான்க்கா நான் கத்துகினேன். எங்கம்மா அவங்க கயனில நாத்து நடும். மத்தியானம் பெரிய வூட்டு ஆளுங்க தூங்கற நேரமா பாத்து, காலி எண்ண டின்ன இடுப்புல கட்டிகினு எறங்கிடுவேன். ஒரு நாளு அந்த வூட்டுப் புள்ள பாத்துட்டான். என் வயசுதான். ஓடிப்போயி அவங்கப்பா கைல சொன்னான், காலனிப் பொண்ணு கெணத்துல குதிச்சிட்டான்னு. என் பேரு அவனுக்குத் தெரியாது, தெருதான் தெரியும். மோட்டாரப் போட்டு மொத்தத் தண்ணியும் எறச்சிட்டாங்க. நல்ல கோடை. ரோட்ல தண்ணி ஓடுது, எங்க தெருவுல குடிக்க சொட்டு இல்ல. காலிக் கொடத்த வெச்சிகினு எங்கம்மா அதப் பாத்துகினே நின்னுச்சி.

அந்தப் புள்ளதான் நாளைக்கு சைக்கிளாண்ட கைய நீட்டிகினு நிக்கப் போறாரு.

அதான் இறுக்கமா தைக்கச் சொல்றேன். தண்ணில துணி இழுக்கக் கூடாது, நான் மொத ஆளா வரணும். கரை ஏறினதும் தொடச்சிக்க துண்டு குடுப்பாங்களாம். வாங்க மாட்டேன். ஈரக்கையோடயே அவரு கைமேல அடிச்சி, நீங்க கூப்புடறதுக்கு முன்னாடியே உங்க கெணத்துக்கு வந்துட்டேன் சார்னு சொல்லிட்டுத்தான் உக்காருவேன்.

சரி, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வரட்டா? தச்சி வெச்சிடுவல்ல?