மூப்பரை மண்டியிட வைக்காத ஆசிரியருக்கு

கிறிஸ்தவ நூல் வெளியீட்டகத்தின் கதைப்பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியராய் வீற்றிருந்து, இன்று விடைபெறும் அம்மையீர்! பச்சை மைத் திருத்தங்களால் எங்களைப் பதறவைத்தவரே! பாவத்தை எழுதலாம், பாசாங்கை எழுதலாகாது என்று பகன்றவரே! இத்தனை அடைமொழிகளையும் நீங்கள் அடித்துவிடுவீர்கள் என்று தெரியும். மடலுக்கென்று ஒரு மரபு இருக்கிறது, இன்று ஒரு நாள் பொறுத்தருள்க!

குடி, கள்ள உறவு, வீட்டுக்குள் விழும் அடி என வெளியே சொல்ல நாக்கூசும் யாவும் கதைகளாய் உங்கள் மேசைக்கு வந்தன. "விசுவாசிகள் வீட்டில் வைக்கும் புத்தகம்" என்று ஒருபுறம் வெளியீட்டுக் குழு, "நடந்ததைத்தானே எழுதினேன்" என்று மறுபுறம் எழுத்தாளர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நீங்களோ தேநீர் வேளையில் எங்களுக்குச் சத்தமாய் வாசித்துக் காட்டுவீர்கள். கூச்சத்தில் யாரேனும் தலைகுனிந்தால் அந்த வரி போகும். யாரேனும் கண்ணைத் துடைத்தால் அது நிற்கும். "அடி விழுற சத்தம் வேண்டாம்மா. மறுநாள் ஆராதனைக்கு அவ எதுக்கு முழுக்கை ரவிக்கை போட்டுட்டுப் போனான்னு மட்டும் எழுது" என்று நீங்கள் ஓர் எழுத்தாளரிடம் சொன்னதை நாங்கள் அனைவரும் கேட்டோம்.

அந்த எழுத்தாளர் ஒரு செவிலி. சபை மூப்பராய் இருந்த கணவரிடம் பதினெட்டு ஆண்டுகள் அடிபட்டவர். அவர் எழுதிய நாவலே நீங்கள் பதிப்பிக்கும் கடைசி நூல். "கடைசிப் பக்கத்துலயாவது அந்த மூப்பரை மண்டிபோட வைங்க, இல்லைன்னா புத்தகம் வராது" என்றது குழு. "அவர் சாகுற வரைக்கும் திருந்தலையே அக்கா, நான் எப்படி எழுதுவேன்?" என்று அழுதார் செவிலி. ஐந்து மாதம் கடிதம், கூட்டம், மறுபடி கடிதம். உங்களுக்கு இரத்த அழுத்தம் ஏறியது. எங்களுக்கு எல்லாமே சலித்துப் போயிற்று.

அம்மையீர், இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். நீங்கள் மருத்துவ விடுப்பில் இருந்த வாரத்தில், மூப்பர் கண்ணீர்விட்டு மனந்திரும்பும் ஒரு பக்கத்தை நாங்களே எழுதிச் சேர்த்தோம். நன்றாகத்தான் எழுதினோம், அதுதான் வெட்கம். திரும்பி வந்து மெய்ப்பில் அதைப் படித்த நீங்கள் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நானும் களைச்சுதான்ப்பா போயிருக்கேன். அதுக்காக அவனைத் திருத்திட முடியுமா?" என்றீர்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்போம்.

இன்று காலை நாவல் அச்சேறியது, அந்தப் பக்கம் இல்லாமல். உத்தரவிட்டது நீங்கள் அல்ல, நாங்கள். இந்த விடைபெறு விழாவின் முன்வரிசையில் வீற்றிருக்கும் குழுவினருக்கும் இம்மடல் வாசிக்கப்படும் இக்கணத்தில்தான் இது தெரியவரும். முதல் பிரதி செவிலியின் வீட்டுக்குப் போய்விட்டது.

நெடுநாள் நலமுடன் வாழ்க, அம்மையீர்! இரத்த அழுத்தம் இறங்குக! இனி வரும் நாவல்களை ஆசிரியராய் அல்லாமல் வாசகராய், கால்நீட்டி அமர்ந்து படிப்பீராக! நாளை விளக்கம் கேட்டுக் குழுவின் ஓலை வரும். நீங்கள் வர வேண்டாம், நாங்கள் போய் நிற்கிறோம்.

இங்ஙனம்,
கதைப்பிரிவு ஊழியர் எழுவர்,
முதல் கையொப்பம்: அந்தப் பக்கத்தை எழுதிய மெய்ப்புத் திருத்துநர்