பொன்னியம்மா இருக்கிற வீடு

பாகாலாவில் பாதி வீடுகளின் போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாது. எங்கள் வீட்டுத் தண்ணீரில் வெந்துவிடும். அப்படி இருந்தும் அங்கே வாடகைக்கு வந்த எந்தக் குடித்தனமும் ஆறு மாதம் தாண்டியதில்லை. காரணம் உங்கள் காதுக்கும் வந்திருக்கும், இன்ஸ்பெக்டர் சார். உங்கள் ரைட்டர் தெலுங்கில் எழுதிக்கொள்ளட்டும். எனக்கு இரண்டு பாஷையும் ஒன்றுதான். ஆனால் இது தமிழில்தான் வாயில் வருகிறது.

என் பெயர் கேசவன். காணிப்பாக்கம் கோயிலுக்குப் பக்கத்தில் தேங்காய், பழத்தட்டு விற்கிறேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் என் மனைவி தாட்சாயணி அந்த வீட்டு மாடிப்படியில் விழுந்து இறந்தாள். மிளகாய் காயவைக்கப் போனவள், மாடியில் பொன்னியம்மாவைப் பார்த்து, பயந்து ஓடி வரும்போது விழுந்தாள். தெரு முழுக்க அப்படித்தான் பேச்சு. பொன்னியம்மா எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்து காய்ச்சலில் செத்தவள்.

அதற்குப் பிறகு நான் எதிர்ச்சாரியில் ஒரு அறை எடுத்துக்கொண்டேன். உச்சி வெயிலில் அந்தப் படிகளில் யாரோ கால்வைக்கிற மாதிரி டக், டக் என்று கேட்கும். காற்று அடித்தால் சுவருக்குள்ளிருந்து ஒரு பெண் முனகுவாள். குடிவந்தவர்கள் கேட்டார்கள், ஓடினார்கள். நானும் கேட்டேன். நான் பொய் சொல்வதாக நினைக்காதீர்கள். பயத்தில் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிடுவேன். ஆனால் அந்தப் பயத்தில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

போன மாதம் ஹரிப்ரியா வந்தாள். வேலூர்ப் பெண். திருப்பதியில் ஒரு கல்லூரியில் பிசிக்ஸ் பாடம் எடுக்கிறாள். பேய், பிசாசு இல்லை என்று ஊர் ஊராகக் கூட்டம் போடுகிறவள். பதினைந்து நாள் தங்கிப் பார்க்கிறேன் என்று பக்கத்து வீட்டு வெங்கடம்மாவை வைத்துக்கொண்டு கேட்டாள். மறுக்க முடியவில்லை. இரண்டாம் நாளே ஓடிவிடுவாள் என்று சாவியைக் கொடுத்தேன்.

ஓடவில்லை. ஏணி வைத்து ஏறினாள். சுவரை ஒட்டி உடைந்து கிடந்த பழைய குழாயின் வாயை அடைத்தாள். படிக்கு மேலே இருந்த தகரத்துக்கு நான்கு ஆணி அடித்தாள். நான் இட்லி கொண்டுபோனபோது சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"பேயும் இல்ல ஒண்ணும் இல்லண்ணா. குழாய்ல காத்து பூந்துக்கினு கத்திச்சு. வெயில்ல தகரம் விரிஞ்சி சத்தம் போட்டுச்சு. அவ்ளோதான்."

அன்று மதியம் ஜன்னலோரம் உட்கார்ந்து காத்திருந்தேன். வெயில் ஏறியது, காற்றும் அடித்தது. ஒரு சத்தமும் இல்லை. அந்த மாதிரி ஒரு பயம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. பேய் இருக்கும் வீட்டை விட்டுத் தள்ளி இருக்கலாம். பேய் இல்லாத வீட்டை என்ன செய்வது? பொன்னியம்மா இல்லையென்றால், அன்றைக்கு மாடியில் தாட்சாயணிக்கு எதிரே நின்றது யார்? மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பதினோரு மணிக்கு என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். படி தொடங்கும் இடத்தில், படிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"தாட்சாயணி அண்ணிக்கு பின்மண்டையிலதான் அடின்னு வெங்கடம்மா சொல்றாங்க. அவங்கதான் குளிப்பாட்டினாங்களாம். பயந்து எறங்கி ஓடறவங்க குப்புறதானே வுழுவாங்க? அவங்க இங்க, இப்படித்தான் நின்னுக்கினு இருந்திருக்கணும். யாரையோ பார்த்து…"

பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லலண்ணா," என்றாள்.

நல்ல பெண். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இரண்டு கைகளையும் அவள் தோளில் வைத்தேன். அவ்வளவுதான். பதினேழு படிகள்.

உடனே உயிர் போகவில்லை. கீழே கிடந்து அரை மணி நேரம் முனகினாள். ஓடிப்போய் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். வெங்கடம்மா வீட்டில்தான் இருந்தாள். நான் மேல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் மறுபடி ஒரு பெண்ணின் குரல் கேட்டது. நான்கு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

சத்தங்களைப் பதிவு செய்ய அவள் தன் போனை மாடிச் சுவரில் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. நேற்று நீங்கள் அதைப் போட்டுக் காட்டினீர்கள். முனகலுக்கு நடுவே ஒரு ஆண்குரல், "வந்துட்டியா பொன்னியம்மா?" என்று கேட்கிறது. அது யார் என்று கேட்டீர்கள். நான்தான்.

தாட்சாயணியையும் நான்தான் தள்ளினேன். புத்தூரில் அம்மா வீட்டுக்குப் போகிறேன், இனி வரமாட்டேன் என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். கையெழுத்துப் போடுகிறேன். அந்த வீட்டில் பேய் இல்லை என்று மட்டும் எழுத வேண்டாம். அப்படி எழுதினால், இரண்டு தடவையும் அங்கே நான் ஒருவன்தான் நின்றேன் என்று ஆகிவிடும்.